டப்ளினில் ஒரு வைத்தாங்கி நாள்

அழைப்பு முதலில் வந்தது. வேலை போனது அதற்குப் பிறகு.

டிசம்பர் விடுமுறைக்கு முன்பே என் மனைவியின் மேலாளர் தன் குழுவில் இருந்த எல்லோரையும் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லியிருந்தார். அவர் நியூசிலாந்துக்காரர், அங்குள்ள ஆதிகுடியான மாவோரி இனத்தவர். பிப்ரவரி ஆறாம் தேதி அவர்களுக்குத் தேசிய நாள், வைத்தாங்கி நாள் என்று பெயர். அந்தச் சமயத்தில் தன் அம்மாவும் ஊரிலிருந்து வருவதாகவும், பின்பக்கத் தோட்டத்தில் குழி வெட்டி மண்ணுக்குள் வைத்துச் சமைக்கப் போவதாகவும் சொன்னாராம். மனைவி அதை வீட்டில் வந்து சொன்னபோது, போகலாம், பாப்பாவுக்கு வேடிக்கையாக இருக்கும் என்று முடிவு செய்தோம்.

ஜனவரியில் அதே மேலாளர் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, குழுவில் பாதிப் பேரைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள், அதில் அவளும் ஒருத்தி, பிப்ரவரி மாதத்தோடு வேலை முடிகிறது என்றார். இதனால் உனக்குப் பெரிய சிரமம் ஏதும் உண்டா என்று கேட்டார். அவள் "நோ பிராப்ளம்" என்றாள். அப்போது மின்சாரம் போனது. கலிஃபோர்னியாவில் முறை வைத்து மின்வெட்டு நடந்துகொண்டிருந்த மாதம் அது. 2001ஆம் ஆண்டு. இருட்டில் இருவரும் தட்டுத்தடவிக் கதவைத் தேடி வெளியே வந்ததாகச் சொன்னாள்.

சிரமம் இருந்தது. அவளுடைய விசா அந்தக் கம்பெனியின் பேரில் இருந்தது. நான் அவளைச் சார்ந்து வந்தவன், எச்-ஃபோர் விசா. எனக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. அவள் வேலை நின்றுவிட்டால் நாங்கள் இருவரும் இந்த நாட்டில் இருப்பது சட்டப்படி தவறு. இங்கே பிறந்த நாலு வயது மகள் மட்டும் இருக்கலாம். ஃப்ரீமாண்டில் ஒரு சின்னக் கம்பெனி அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் அவர்களுடைய வக்கீல், விசா மாற்றும் மனுவைப் போட மார்ச் கடைசி ஆகிவிடும் என்றார். அதுவரை அவள் பழைய கம்பெனியில் ஊழியராக இருந்தால் போதும். இல்லையென்றால் வீட்டைக் காலி செய்துவிட்டு விமானம் ஏற வேண்டும். எங்களுக்குத் தேவைப்பட்டது ஒரு மாத அவகாசம். அதைக் கொடுக்கச் சொல்லி மேலிடத்தில் கேட்கக்கூடியவர் அந்த மேலாளர் ஒருவர்தான்.

அவள் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருப்பாள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. ஆபீஸில் பெரியவர்கள் எது கேட்டாலும் நாங்கள் சொல்லும் பதில் ஒன்றுதான். வார இறுதியில் வர முடியுமா? நோ பிராப்ளம். உன் வேலையை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா? நோ பிராப்ளம். நான் அவளுக்காக ஒரு ஈமெயில் எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "ரொம்பக் கெஞ்சற மாதிரி இருக்குதுங்க" என்றாள். இன்னொன்று எழுதினேன். "இது மெரட்டற மாதிரி இருக்குது" என்றாள். மூன்றாவதை நான் எழுதவில்லை.

விருந்துக்குப் போவதா வேண்டாமா என்று ஒரு வாரம் பேசினோம். பேசுவதற்கே அலுப்பாக இருந்தது. போகவில்லையென்றால் கோபித்துக்கொண்டதாக ஆகும். போனால் எதற்கு வந்தார்கள் என்று ஆகும். கடைசியில் பாய் முடிவு செய்தான். பாய் என்றால் அவளுடைய குழுவில் இருந்த கீழக்கரைப் பையன். முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, எங்கள் அபார்ட்மெண்டில் எதிர் பிளாக். அவனை வேலையிலிருந்து எடுக்கவில்லை. அது அவனுக்கே கூச்சமாக இருந்தது. ஜனவரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எதையாவது வாங்கிக்கொண்டுதான் வந்தான்.

"அக்கா, நான் டிரைவ் பண்றேன். நீங்க வந்து உக்காருங்க, போதும்," என்றான். "அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க. சனிக்கிழமை இவ்வளவு நேரம் டிவியவா பாத்துக்கிட்டு இருக்கப் போறீங்க?"

சனிக்கிழமை என்பது இன்னொரு சிக்கல். ஏழரைச் சனி நடக்கிறது என்று என் மாமியார் ஃபோனில் சொன்னதிலிருந்து மனைவி சனிக்கிழமைகளில் கறி சாப்பிடுவதில்லை. பாய் ஹலால் அல்லாததைத் தொடமாட்டான். மண்ணுக்குள் கறி வேகவைக்கிற விருந்துக்கு அதைச் சாப்பிடாத இருவரும் சாப்பிடுகிற நானும் கிளம்பினோம். பாப்பாவுக்குத் தயிர்சாதம் ஒரு டப்பாவில்.

நாங்கள் இருந்த மில்பிடாஸிலிருந்து 680ஆம் சாலையில் வடக்கே போனால் சுனோல் ஏற்றம் தாண்டி டப்ளின். பிப்ரவரி மழையில் மலையெல்லாம் பச்சையாக இருந்தது. வருஷத்தில் இரண்டு மாதம்தான் அப்படி இருக்கும், பிறகு வைக்கோல் நிறம்.

"அக்கா, இன்னிக்கு கேட்டுடுங்க," என்றான் பாய், சாலையைப் பார்த்தபடி.

"சாப்புட்ற எடத்துலயா? நல்லாருக்கும் போ. வெருந்துக்கு வந்துட்டு கணக்குத் தீத்துட்டுப் போனாங்கம்பாங்க."

"ஆபீஸ்ல கேக்க மாட்டேங்கிறீங்க, வீட்டுல கேக்க மாட்டேங்கிறீங்க. அப்புறம் ஃப்ரீவேலயா கேப்பீங்க?"

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு பாய்."

மேலாளரின் வீடு டப்ளினின் கிழக்கே, புதிதாக வந்த குடியிருப்பில் கடைசி வீடு. வேலிக்குப் பின்னால் குன்று. குன்றுச் சரிவில் காட்டு வான்கோழிகள் பத்துப் பன்னிரண்டு வரிசையாக மேய்ந்துகொண்டிருந்தன. பக்கவாட்டு கேட்டுக்கு மேலே புகை போலவும் ஆவி போலவும் ஏதோ எழுந்தது. ஈரமண்ணும் சாக்கும் சேர்ந்து வெந்த வாசம். தூறல் விட்டிருந்தது.

உள்ளே போக விடவில்லை. உயரமான, தோள் அகன்ற, பேசும்போது குனிந்து பேசுகிற அந்த மேலாளர் வெளியே வந்து எல்லோரையும் கார் நிறுத்தும் இடத்திலேயே நிற்கச் சொன்னார். அவர்கள் வழக்கத்தில் விருந்தாளி தானாக நுழைவதில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண் கூப்பிடுவார். பிறகு பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால், மெதுவாக நடந்து வரவேண்டும். முதலில் வீட்டுக்காரர் பேசுவார், பிறகு வந்தவர்களில் ஒருவர் பதில் பேசவேண்டும், பேசியவருக்குத் துணையாக அவருடைய ஆட்கள் ஒரு பாட்டுப் பாடவேண்டும். அதற்குப் பிறகு மூக்கோடு மூக்கு வைத்து வணக்கம். அதற்கும் பிறகுதான் சாப்பாடு. இதை ஆபீஸ் கூட்டத்தில் சொல்வதுபோலத் தெளிவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மனைவியின் முகத்தைப் பார்த்தார், ஆனால் நேராகப் பார்க்கவில்லை.

வெளியே நின்றவர்கள் நாங்கள் நால்வர், குழுவில் இருந்த சீனர் ஒருவரும் அவர் மனைவியும், மேலாளரின் தெருக்காரர்கள் சிலர். சீனருக்கும் வேலை போயிருந்தது.

பிறகு அந்தக் குரல் வந்தது. அதைப் பாட்டு என்று சொல்ல முடியாது. ஒரே மூச்சில் நீளமாக இழுத்து, கடைசியில் இறக்கி விடுகிற அழைப்பு. தெருமுனையில் நாயோடு நடந்துகொண்டிருந்தவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"என்னங்க இது, எழவு வீட்ல இழுக்கற மாதிரி இருக்குது," என்றாள் மனைவி என் காதில்.

"செத்துப்போனவங்களையும் சேத்துத்தான் கூப்பிடுறாங்களாம். ஈமெயில்ல போட்டிருந்தாரே," என்றான் பாய்.

"அதையெல்லாம் நீ நல்லா படி."

பெண்கள் முன்னால் என்பதால் அவள் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கேட்டருகே வந்ததும் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப்புல்லில் வெறுங்காலோடு போனாள். பாப்பா "அம்மா, இட்ஸ் கோல்ட்!" என்று கத்தியது. பின்னால் வந்த சீனப் பெண்மணி அதுவும் முறைபோலும் என்று நினைத்து ஷூவை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

தோட்டத்தில் இரண்டு பக்கமாக நாற்காலிகள் எதிரெதிரே போடப்பட்டிருந்தன. ஒரு பக்கம் அவர்கள்: மேலாளர், அவருடைய அம்மா, சான் ஹோசேயிலிருந்தும் சேக்ரமெண்டோவிலிருந்தும் வந்திருந்த பத்துப் பேர். நடுவில் காலி இடம். ஓரத்தில் குழி, மேலே மண் மேடாகக் குவிந்திருந்தது. அதில் ஆவி எங்கே கசிந்தாலும் ஒருவர் மண்வெட்டியால் அங்கே மண்ணை அள்ளிப் போட்டு அடைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டது அந்த அம்மாதான். எழுபது வயதிருக்கும். கறுப்பு உடை, தலையில் இலைகளை வளைத்துக் கட்டியிருந்தார்.

மேலாளர் எழுந்து முதலில் தன் மொழியில் பேசினார். நிற்காமல், இரண்டடி முன்னும் பின்னும் நடந்துகொண்டே பேசினார். ஆபீஸில் மெதுவாகப் பேசுகிறவர் என்று மனைவி சொல்வாள். அங்கே குரல் வேறாக இருந்தது. பிறகு ஆங்கிலத்தில், இந்த நாள் என்ன நாள் என்று சொன்னார். 1840இல் வைத்தாங்கி என்ற இடத்தில் அவர்களுடைய தலைவர்களும் பிரிட்டிஷ் அரசியின் ஆட்களும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மாவோரி மொழியில் ஒரு பிரதி, ஆங்கிலத்தில் ஒரு பிரதி. இரண்டும் ஒன்றையே சொல்லவில்லை. தலைவர்கள் ஒன்றை நினைத்துக் கையெழுத்துப் போட்டார்கள், அரசாங்கம் வேறொன்றை எடுத்துக்கொண்டது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் பிரதமரே வந்தாலும் எதிரே உட்கார வைத்து, உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். சில சமயம் சண்டையாகக்கூட ஆகிவிடும். சொல்லி முடித்த பிறகு சாப்பாடு.

"எங்களுக்கு இது கொண்டாட்டமும்தான், வழக்கும்தான்," என்றார்.

பிறகு எங்கள் பக்கம் பார்த்தார். இந்த முறை நேராகப் பார்த்தார். "வந்திருப்பவர்களில் இருவருக்கு வேலை இல்லை என்று சொன்னவன் நான். முடிவு எனக்கு மேலே இருப்பவர்கள் எடுத்தது. ஆனால் பெயர்களைச் சொன்னது நான். அதை மறைத்து உங்களுக்குச் சோறு போடுவது எங்கள் வழக்கம் இல்லை. சொல்ல வேண்டியது இருந்தால் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லுங்கள்."

உட்கார்ந்துவிட்டார்.

நான் கோயம்புத்தூரில் ஒரு நாளிதழில் ஒன்பது ஆண்டு உதவி ஆசிரியராக இருந்தவன். எத்தனையோ கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். அழைத்தவரே இப்படி எழுந்து தன்மேல் புகார் கேட்டதை நான் பார்த்ததில்லை. சீனர் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்வெட்டிக்காரரும் நிறுத்திவிட்டார். எல்லோரும் நான் எழுந்திருப்பேன் என்று எதிர்பார்ப்பது தெரிந்தது. வந்தவர்களில் ஆண், புருஷன். நான் மனைவியைப் பார்த்தேன்.

"எனக்கு இதெல்லாம் வராதுங்க," என்றாள் உதட்டை அசைக்காமல்.

அப்போது அந்த அம்மா எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். மேலாளர் மொழிபெயர்த்தார். "சில ஊர்களில் ஆண்கள் மட்டும்தான் பேசுவார்கள். எங்கள் நாட்டின் கிழக்குக் கரையில் பெண்களும் எழுந்து பேசுவார்கள் என்கிறார். உங்கள் மொழியிலேயே பேசலாம். இங்கே முதலில் அவரவர் மொழிதான்."

மனைவி எழுந்தாள். புல்லில் வெறுங்கால், புடவையின் கரை நனைந்திருந்தது. பாப்பா புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. தமிழில் ஆரம்பித்தாள். ஆபீஸ் தமிழில்லை, எங்கள் பவானிப் பக்கத்துத் தமிழ்.

"வேல போனதுக்கு நான் ஒண்ணும் சொல்ல வரலீங்க. கம்பெனின்னா அப்படித்தான். ஆனா எனக்கு வேல போறதும் இங்க இருக்கறவீங்களுக்கு வேல போறதும் ஒண்ணு இல்லீங்க. மாசக் கடைசியோட நாங்க இந்த நாட்டுல நிக்கறதே குத்தம். நாங்க போயாகோணும். என்ற புருஷன் எனக்காகத் தன் வேலைய விட்டுப்போட்டு அஞ்சு வருசமா சும்மா உக்காந்துட்டு இருக்கறாரு. இந்தப் புள்ளைக்கு இந்த ஊரத் தவுத்து ஒண்ணும் தெரியாது. சிரமம் உண்டான்னு கேட்டீங்க. நோ பிராப்ளம்னேன். எங்கூர்ல பெரிய எடத்துல கேட்டா அப்படித்தான் சொல்லுவோம். அது உங்களுக்குத் தெரிய நாயமில்ல. ஆனா மூணு வருசமா எங்கூட வேல பாத்திருக்கறீங்க. இன்னொருக்கா கேட்டிருக்கலாமுங்க."

நிறுத்தினாள். மூச்சு வாங்கியது. "எனக்கு ஒரு மாசம் வேணும். மார்ச் கடைசி வரைக்கும் என்ற பேர எடுக்காதீங்க. அதுக்குள்ளார ஃப்ரீமாண்ட் கம்பெனிக்காரங்க ஃபைல் பண்ணீருவாங்க. அவ்வளவுதான்."

பிறகு என் பக்கம் திரும்பி, "சொல்லுங்க," என்றாள்.

ஏஜென்சியின் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவதுதான் ஒன்பது ஆண்டும் என் வேலை. தமிழை ஆங்கிலமாக்குவது பழக்கமில்லை. எழுந்து நின்று ஆரம்பித்தேன். வேலை போனதில் எங்களுக்கு வருத்தமில்லை, ஆனால் விசா காரணமாகக் கொஞ்சம் சிரமம் ஏற்படலாம் என்றேன்.

"அப்படிச் சொல்லலீங்க," என்றாள் உரக்க. அவளுக்குத்தான் ஆங்கிலம் தெரியுமே. "சிரமம் ஏற்படலாம்னு நாஞ் சொல்லல. போயாகோணும்னு சொன்னேன். மெத்துன்னு பண்ணாதீங்க. நாஞ் சொன்னத அப்படியே சொல்லுங்க."

எதிர்ப்பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை, தலையை ஆட்டினார்.

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். இந்த முறை ஒவ்வொரு வாக்கியமாக, கூட்டாமல் குறைக்காமல். புருஷன் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் சொன்னேன். "நீங்கள் இன்னொரு முறை கேட்டிருக்கலாம்" என்ற இடத்தில் மேலாளர் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்தார். "ஒரு மாதம்" என்பதைச் சொல்லும்போது மனைவியே ஆங்கிலத்தில் "டில் த எண்ட் ஆஃப் மார்ச்" என்று சேர்த்தாள்.

பாட்டு பாக்கி இருந்தது. துணைக்குப் பாடவேண்டிய ஆட்கள் என்றால் நானும் பாயும் பாப்பாவும். பாய் என்னைப் பார்த்தான். நான் பாயைப் பார்த்தேன்.

"அண்ணே, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சினிமாப் பாட்டு. இந்த எடத்துல வேணாம்."

"பாப்பா, நீ பாடு," என்றாள் மனைவி.

"விச் ஒன்?"

"பல்லு வெளக்கற பாட்டு."

அது நாங்களே கட்டியது. காலையில் பாப்பாவின் வாயைத் திறக்க வைக்கப் பாடுவது. பாப்பா வெட்கமே இல்லாமல் ஆரம்பித்தது. "மேலே தேயி, கீழே தேயி, மூலைப் பல்ல விட்டுறாதே..." இரண்டாம் வரியில் மனைவியும் நானும் சேர்ந்தோம். பாய்க்கு அந்த வரிகள் தெரியாது, "ஏ... ஏ..." என்று பின்னால் இழுத்தான். எதிரே இருந்தவர்கள் அதைப் பழைய தெய்வப் பாடல் போலத் தலைகுனிந்து கேட்டார்கள்.

பிறகு வரிசையாகப் போய் மூக்கோடு மூக்கு வைத்தோம். கை குலுக்கி, நெற்றியும் மூக்கும் தொட, ஒரு மூச்சு. மனைவி இதற்குத்தான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். அந்த அம்மாவுக்கு முன்னால் போய் இரண்டு கைகளையும் கூப்பினாள். அந்த அம்மா கூப்பிய கைகளைத் தன் கைகளுக்குள் பிடித்துக்கொண்டு குனிந்து நெற்றியை வைத்தார். அடுத்து மேலாளர். இருவரும் தொட்டு நின்றது மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.

குழியைத் திறக்க நேரம் இருந்தது. கராஜில் டீயும் பொரித்த ரொட்டியும் வைத்திருந்தார்கள். ரொட்டி தடித்த பூரி போல இருந்தது. அதன்மேல் வெல்லப்பாகு ஊற்றினார்கள். சுவரில் பறவைகளின் படங்கள்: கழுத்தில் வெள்ளைப் பஞ்சு முடிச்சு வைத்த கறுப்புக் குருவி, விசிறிவால் குருவி, பச்சைப் புறா, கிவி. அந்த அம்மா பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கிவியைக் காட்டினார். இப்போது ஆங்கிலத்தில்தான் பேசினார். பறக்காது, பகலில் வெளியே வராது, மூக்குத்துவாரம் அலகின் நுனியில் இருக்கிறது, மண்ணை மோந்து புழுவைக் கண்டுபிடிக்கும். முட்டை மட்டும் அதன் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் பெரியது.

"ஹூ சிட்ஸ் ஆன் இட்?" என்று கேட்டது பாப்பா.

அப்பாதான், என்றார். பெண் முட்டையிட்டுவிட்டு வெளியே போய்விடும். அப்பா இரண்டரை மாதம் பொந்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

"அண்ணே," என்றான் பாய், வாயில் ரொட்டியோடு. "இது எச்-ஃபோர் பறவை."

மனைவி சிரித்தாள். டீ சிந்தும் அளவுக்குச் சிரித்தாள். ஜனவரிக்குப் பிறகு முதல்முறை என்று நினைக்கிறேன். என்ன சிரிப்பு என்று அந்த அம்மா கேட்டார். எச்-ஃபோர் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதாயிற்று. கேட்டுவிட்டு அவர் என் தோளைத் தட்டி, "நல்ல பறவை" என்றார்.

மண்ணை விலக்கும்போது எல்லோரும் சுற்றி நின்றார்கள். மண்ணுக்குக் கீழே சாக்கு, சாக்குக்குக் கீழே நனைத்த வெள்ளைத் துணி. அதை உரித்ததும் ஆவி ஆளுயரம் எழுந்தது. கம்பிக்கூடைகளை இருவர் இருவராகத் தூக்கினார்கள். அடியில் சூடேறிய இரும்புத் துண்டுகள் கிடந்தன. பழைய ரயில் தண்டவாளம், கற்களைச் சூடாக்கினால் வெடிக்கும் என்று அவற்றுக்குப் பதில் இதைப் போடுவார்களாம். மேலாளர் எங்களிடம் வந்து, கறி எல்லாம் கீழ்க்கூடையில், காய்கள் மேலே, எதுவும் ஒழுகியிருக்காது என்றார். குழுவில் யார் யார் என்ன சாப்பிடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"கறி தொடலேன்னாலும் புகை தொட்டிருக்குமே பாய்?" என்றேன்.

"புகைக்கு ஹலால் ஹராம் கிடையாதுண்ணே. போடுங்க."

சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பூசணி, முட்டைகோஸ், உருளை. எல்லாவற்றிலும் மண்வாசம், லேசாகக் கரி. கிழங்கு தோலோடு பிளந்து, உள்ளே பாகுபோல வெந்திருந்தது. நான் ஆட்டுக்கறியும் சாப்பிட்டேன். எலும்பிலிருந்து தானாகக் கழன்றது, உப்பு மட்டும் போதவில்லை. பாய் பாக்கெட்டிலிருந்து ஊறுகாய்ப் பொட்டலம் எடுத்தான். சேக்ரமெண்டோக்காரர் ஒருவர் அதைக் கறிமேல் தடவிச் சாப்பிட்டுவிட்டு இரண்டாவது பொட்டலம் கேட்டார். பாப்பா தயிர்சாதத்தைத் திறக்கவேயில்லை.

சாப்பாட்டுக்கு நடுவில் மேலாளர் தட்டோடு வந்து மனைவியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். புதுக் கம்பெனி எப்போது மனுப் போடும், ஏன் அவ்வளவு தாமதம், ஊழியராக இருக்கவேண்டுமா, விடுப்பில் இருந்தாலும் போதுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை கேட்கிறேன் என்றார். அவருக்கு மேலே இருப்பவர்கள் ஒப்புக்கொள்வார்களா தெரியாது என்றும் சொன்னார். பிறகு சீனரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அங்கே அதிக நேரம் இருந்தார்.

திரும்பும்போது பாப்பா தூங்கிவிட்டது. வெளிச்சம் இன்னும் இருந்தது.

"எப்படிக்கா பேசினீங்க?" என்றான் பாய்.

"இங்கிலீஷ்ல ஆரம்பிச்சிருந்தா வாயில நோ பிராப்ளம்தான் வந்திருக்கும்," என்றாள். பிறகு, "கால் வெறைச்சுப்போச்சு. ஹீட்டரப் போடு," என்றாள்.

செவ்வாய்க்கிழமை அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தாள். பாதி கிடைத்தது. மார்ச் நடுப்பகுதி வரை. அதற்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அந்தப் பாதிக்கே மேலாளர் இரண்டு முறை மேலதிகாரிகளின் மாடிக்குப் போய்வந்ததாகப் பாய் பிறகு சொன்னான். சீனருக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவர் கிரீன் கார்டு உள்ளவர், விசா காரணம் காட்ட வழியில்லை.

பாதி போதாது. வக்கீல் மார்ச் கடைசி என்றுதான் சொன்னார். அடுத்த இரண்டு வாரம் மனைவி தினமும் மதியம் பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்து அந்த வக்கீல் ஆபீஸுக்கு ஃபோன் செய்தாள். முதல் நாள் அங்கிருந்த பெண் முடிந்தவரை பார்க்கிறோம் என்றார். முடிந்தவரை என்றால் எந்தத் தேதி என்று கேட்டாள். அடுத்த நாளும் கேட்டாள். மூன்றாம் நாளிலிருந்து அந்தப் பெண் இவள் குரல் கேட்டதும் பெருமூச்சு விட ஆரம்பித்தார். ஃப்ரீமாண்ட் கம்பெனியின் முதலாளியிடமும் பேசினாள், வக்கீலுக்கு அவரே ஃபோன் போடும்படி. அவளுக்கு அது பிடித்திருந்தது என்று சொல்லமாட்டேன். ஒருநாள், "பேசாம ஊருக்கே போயிரலாமுங்க, அது லேசு," என்றாள். எனக்கும் அப்படித் தோன்றியிருந்தது.

மார்ச் இரண்டாம் வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் வக்கீல் ஆபீஸிலிருந்து ஃபோன் வந்தது. நான் அடுப்பில் ரசம் வைத்திருந்தேன். பாப்பா கம்பளத்தில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தது. மனைவி அப்போதுதான் வந்து கைப்பையைக்கூட இறக்கவில்லை. "எஸ்," என்றாள். "டுடே?" என்றாள். மனு இன்று போய்விட்டதா, நாளை போகுமா என்று இன்னொருமுறை கேட்டாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "இன்னிக்கே போட்டுட்டாங்களாமுங்க," என்றாள்.

சுவரோரம் கம்பளத்தில் உட்கார்ந்து சாய்ந்தாள். புதுக் கம்பெனிக்கு 880ஆம் சாலையில் போகவேண்டும், காலையில் அரை மணி நேரமாவது ஆகும், சீக்கிரம் எழவேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள். பாதியில் பேச்சு நின்றது. ரசத்தை இறக்கிவிட்டு வந்து பார்த்தபோது தூங்கியிருந்தாள். கைப்பை தோளில், ஷூ காலில். பாப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவள் காலடியில் போய் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தது.